பச்சை வெளிச்சம், பழைய கடிதம், மான்செராட் தீவு

மார்ச் 17 நெருங்கினால் போதும், செய்தித் தளங்களில் ஒரே மாதிரியான படத்தொகுப்பு வந்துவிடும். பச்சை வெளிச்சத்தில் சிட்னி ஓப்பரா ஹவுஸ், பச்சை வெளிச்சத்தில் ரோம் கொலோசியம், பச்சைத் தண்ணீரோடு சிகாகோ ஆறு, டோக்கியோவில் ஒமோதெசாந்தோ சாலையில் பச்சைத் தொப்பி போட்ட ஜப்பானியர்கள். கீழே ஒரு வரி: 'உலகமே இன்று அயர்லாந்து.' ஒவ்வொரு வருஷமும் அதே படங்கள், அதே வரி. செயின்ட் பேட்ரிக் நாள் பற்றிக் கொஞ்ச காலமாகக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்ததில், இந்தப் படத்தொகுப்பில் எது இருக்கிறது என்பதைவிட எது இல்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. அந்தக் குறிப்புகளைக் கோர்த்ததுதான் இந்தப் பதிவு.

ஒரு பண்டிகையை விமர்சனம் செய்யலாமா, அது என்ன புத்தகமா சினிமாவான்னு கேட்கலாம். இந்தப் பண்டிகையைப் பொறுத்தவரை செய்யலாம். அதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றமே சாட்சி. பாஸ்டன் ஊர்வலத்தில் தற்பாலீர்ப்பாளர் குழு ஒன்றைச் சேர்க்க மாட்டோம் என்று அமைப்பாளர்கள் மறுத்த வழக்கில், 1995ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். ஊர்வலம் என்பது சும்மா நடந்து போவதல்ல, அது ஒரு பேச்சு. பேசுகிறவர் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிக்கலாம் என்பது அதன் சாரம். நல்லது. பேச்சு என்றால், அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்பவன் கேட்கலாம்தானே.

முதலில் ஆளைப் பார்த்துவிடலாம். பேட்ரிக் ஐந்தாம் நூற்றாண்டுக்காரர். அயர்லாந்துக்காரர் இல்லை, ரோமானிய பிரிட்டனைச் சேர்ந்தவர். பதினாறு வயதில் கடற்கொள்ளையர் பிடித்துக்கொண்டுபோய் அயர்லாந்தில் அடிமையாக்கினார்கள். ஆறு வருஷம் மந்தை மேய்த்தார், தப்பித்து ஊர் திரும்பினார், பிறகு தன்னை அடிமையாக வைத்திருந்த அதே நாட்டுக்கு மதபோதகராகத் திரும்பிப் போனார். இதெல்லாம் பின்னால் வந்த யாரோ கட்டிய கதை இல்லை. அவரே லத்தீனில் எழுதிய இரண்டு ஆவணங்கள் நம் கையில் இருக்கின்றன. ஒன்று 'ஒப்புதல்' என்று சொல்லத்தக்க தன்வரலாறு. இன்னொன்று கொரோட்டிகஸ் என்ற சிற்றரசனின் படைவீரர்களுக்கு எழுதிய கடிதம். அந்தக் காலத்து அயர்லாந்து பற்றி வேறு எழுத்து நமக்குக் கிடைப்பதே அபூர்வம் என்பதால் இவை இரண்டும் தங்கம்.

பாம்புகளை விரட்டினார், மூவிலைக் கிளாவரை வைத்துத் திரித்துவம் போதித்தார் என்பதெல்லாம் இந்த இரண்டிலும் கிடையாது. பாம்புக் கதை பல நூற்றாண்டு கழித்து வந்தது. பனியுகத்துக்குப் பிறகு அயர்லாந்தில் விரட்டுவதற்குப் பாம்பே இல்லை. இலைக் கதை எழுத்தில் தலைகாட்டுவது பதினெட்டாம் நூற்றாண்டில். பச்சை நிறமும் அப்படித்தான். 1783ல் பிரிட்டிஷ் அரசர் பேட்ரிக் பெயரில் ஒரு வீரர் விருது ஏற்படுத்தியபோது அதற்குக் கொடுத்த நிறம் நீலம். 1790களில் பிரிட்டனை எதிர்த்து எழுந்த ஐக்கிய அயர்லாந்தியர் இயக்கம் பச்சையைத் தூக்கிப் பிடித்தது, அது ஒட்டிக்கொண்டது. இன்று விளம்பர நிறமாக நாம் பார்க்கும் பச்சை, ஒரு காலத்தில் கலகக்காரனின் நிறம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

(நமக்கும் இவர் அந்நியர் இல்லை. யாழ்ப்பாணத்தில் இவர் பெயரில் உள்ள கல்லூரியைத் தமிழில் புனித பத்திரிசியார் கல்லூரி என்பார்கள். 'பத்திரிசியார்' எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். இருந்தாலும் பண்டிகையின் பெயர் உலக வழக்கில் வேறாகிவிட்டதால் இந்தப் பதிவில் பேட்ரிக் என்றே எழுதுகிறேன்.)

அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். பேட்ரிக் ஞானஸ்நானம் கொடுத்த புதுக் கிறிஸ்தவர்கள், வெள்ளை உடைகூட மாற்றாமல், நெற்றியில் பூசிய தைலம் காயாமல் இருக்கிறார்கள். மறுநாள் கொரோட்டிகஸின் ஆட்கள் பாய்ந்து சிலரை வெட்டிப்போட்டு, மற்றவர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், அடிமைகளாக விற்க. பிடித்தவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி பேட்ரிக் ஒரு பாதிரியார் கையில் ஓலை அனுப்புகிறார். அவர்கள் சிரிக்கிறார்கள். அதன்பிறகு எழுதியதுதான் இந்தக் கடிதம். கோபம், துக்கம், சாபம் எல்லாம் உண்டு. இவர்களோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது, இவர்கள் தரும் காணிக்கையை வாங்கக்கூடாது என்று ஒதுக்கிவைக்கிறார். தன்வரலாற்றிலும் ஓரிடத்தில், அடிமைப்பட்ட பெண்கள்தான் அதிகமாகத் துன்பப்படுகிறார்கள் என்று எழுதுகிறார். அடிமையாக இருந்தவனுக்குத்தான் அது தெரியும்.

இதை வைத்துக்கொண்டு தாமஸ் கேஹில் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1995ல் வந்து நன்றாக விற்ற தன் நூலில், அடிமைமுறையைத் தயக்கமில்லாமல் எதிர்த்த உலகின் முதல் மனிதர் பேட்ரிக் என்று எழுதிவிட்டார். இன்றும் மார்ச் மாதம் வந்தால் பலர் அதை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். இது நிற்காது. பேட்ரிக்குக்கு முன்பே, நான்காம் நூற்றாண்டில், நிசாவின் கிரகோரி என்ற ஆயர் மனிதனை மனிதன் விலைக்கு வாங்குவதையே கண்டித்துப் பிரசங்கம் செய்திருக்கிறார். பேட்ரிக்கின் கடிதத்தைக் கவனித்துப் படித்தால், அவருடைய கோபத்தின் மையம் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்களை, தன் சொந்த மந்தையை, கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்பவனே விற்றான் என்பதுதான். அடிமைமுறையை மொத்தமாக ஒழிக்கச் சொல்லும் வாதம் அதில் இல்லை. ஆனால் 'உலகிலேயே முதல்' பட்டம் இல்லாவிட்டால் அந்தக் கடிதத்தின் மதிப்புக் குறைந்துவிடுமா என்ன? தப்பித்து வந்த ஓர் அடிமை, அடிமை பிடிப்பவனுக்கு நேருக்கு நேர் எழுதிய கடிதம். உலக இலக்கியத்தில் இப்படி எத்தனை இருக்கும்?

இந்த 'முதல்' வியாதி ஊர்வலத்தையும் பிடித்து ஆட்டுகிறது. பாஸ்டன்காரர்கள் 1737 என்பார்கள், நியூயார்க்காரர்கள் 1762 என்பார்கள். பாஸ்டனில் தொடங்கியவர்கள் புராட்டஸ்டன்ட் அயர்லாந்தியர். நியூயார்க்கில் நடந்தவர்கள் பிரிட்டிஷ் படையில் இருந்த அயர்லாந்து வீரர்கள். பின்னால் கத்தோலிக்க, பிரிட்டிஷ் எதிர்ப்பு அடையாளமாக ஆன பண்டிகைக்கு இந்த இரண்டுமே விசித்திரமான தொடக்கம். இந்தச் சண்டையில் யாரும் எதிர்பார்க்காத மூன்றாவது ஆள் உள்ளே வந்தார். மைக்கேல் பிரான்சிஸ் என்ற வரலாற்றுப் பேராசிரியர், ஸ்பெயினில் செவில் நகர ஆவணக்காப்பகத்தில் பழைய வெடிமருந்துச் செலவுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். புளோரிடாவில் அன்று ஸ்பானிஷ் குடியிருப்பாக இருந்த செயின்ட் அகஸ்டினில், எந்த நாளில் எதற்காக எத்தனை தடவை பீரங்கி வெடித்தார்கள் என்ற கணக்கு. அதில் 1600லும் 1601லும் பேட்ரிக் பெயர் வருகிறது. 1601 மார்ச்சில் ஊர்வலமே போயிருக்கிறார்கள். அங்கே பேட்ரிக்குக் கொடுத்த பொறுப்பு என்ன தெரியுமா, சோளக் கொல்லைக் காவல்! அந்த ஊரில் அப்போது ரிக்கார்தோ ஆர்த்தூர் என்ற அயர்லாந்துப் பாதிரியார் இருந்தது விஷயத்தை விளக்குகிறது.

மென்பொருள் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இந்தச் செய்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். விழா எடுத்தவர்கள் யாரும் எங்கள் விழாவைப் பாரீர் என்று எழுதி வைக்கவில்லை. கிடங்கில் மருந்து குறைந்தது ஏன் என்று மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட ஒரு குமாஸ்தா எழுதிய பதிவு அது. அதாவது லாக் ஃபைல். நோக்கத்தோடு எழுதிய ஆவணம் பொய் சொல்லலாம். லாக் ஃபைலுக்குப் பொய் சொல்லக் காரணம் குறைவு.

இதற்கெல்லாம் நடுவில் அயர்லாந்தில் என்ன நடந்தது என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே அது காலையில் பூசை, மாலையில் வீடு என்று போகும் ஒரு கடன்திருநாள். 1903ல் பொது விடுமுறை ஆனது. சுதந்திரம் கிடைத்த பிறகு 1920களில் வந்த மதுச் சட்டம் அன்று மதுக்கடைகளை மூடிவிட்டது, 1960 வாக்கில்தான் அந்தத் தடை நீங்கியது. அதுவரை டப்ளினில் அன்று சட்டப்படி ஒரு கிளாஸ் கிடைக்கும் இடம் என்று பெயர் வாங்கியது ராயல் டப்ளின் சொசைட்டியின் நாய்க் கண்காட்சி. நாய் வளர்க்காதவர்களுக்கும் அன்று நாய்மேல் திடீர்ப் பாசம் வந்ததாகக் கதை கதையாகச் சொல்வார்கள். இன்று நாம் டிவியில் பார்க்கும் டப்ளின் விழா அரசு அமைத்த நிறுவனத்தால் 1996ல் தொடங்கியது. புலம்பெயர்ந்தவர்கள் அமெரிக்காவில் ஊதிப் பெரிதாக்கியதைத் தாய்நாடு இறக்குமதி செய்துகொண்டது. இதில் ஒன்றும் குற்றமில்லை. அந்நிய ஊரில் நாங்களும் இருக்கிறோம் என்று காட்டவேண்டிய கட்டாயம், 'அயர்லாந்தியருக்கு வேலை இல்லை' என்ற அவமானத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் இருந்தது. ஊரிலேயே இருந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

சிகாகோ ஆற்றை நிறைய பேர் கிண்டல் செய்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. 1962ல் பிளம்பர் சங்கத்தின் ஸ்டீபன் பெய்லி ஆரம்பித்து வைத்த வேலை அது. அந்தச் சாயம் திருட்டுத்தனமாக ஆற்றில் கழிவு விடும் குழாய் எது என்று கண்டுபிடிக்கப் பிளம்பர்கள் பயன்படுத்தியது. குழாயில் கலக்கிவிட்டால், எந்த இடத்தில் ஆறு பச்சையாகிறதோ அங்கே திருடன் இருக்கிறான். ஒரு பிளம்பரின் உடுப்பில் படிந்த பச்சைக் கறையைப் பார்த்துத்தான் பெய்லிக்கு யோசனை உதித்தது என்பார்கள். முதல் தடவை நூறு பவுண்டு கொட்டி, ஒரு வாரம் ஆறு பச்சையாகவே இருந்தது; பிறகு அளவைக் குறைத்து, சாயத்தையும் தாவரப் பொடிக்கு மாற்றினார்கள். பிழை கண்டுபிடிக்கப் போட்ட ஒரு வரியை அழிக்க மறந்து, அதுவே எல்லாருக்கும் பிடித்த அம்சமாகிவிடும் கூத்து எங்கள் தொழிலிலும் உண்டு. சிகாகோவின் பச்சைக்கு ஒரு ஊர், ஒரு தொழில், ஒரு சங்கம் பின்னால் இருக்கிறது. அதனால்தான் அசட்டுத்தனத்தையும் மீறி அது ரசிக்கும்படி இருக்கிறது.

கொலோசியத்தின் பச்சைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? 2010ல் சிட்னியில் தொடங்கி, அயர்லாந்துச் சுற்றுலா வாரியம் வருஷாவருஷம் நடத்தும் திட்டம் அது. பிரமிடு, சீனப் பெருஞ்சுவர், ரியோவின் இயேசு சிலை, பைசா கோபுரம் என்று ஒவ்வொன்றாகப் பச்சை விளக்கு போட்டார்கள். செலவு குறைவு, படம் எடுத்தால் உலகம் முழுக்கப் பரவும். விளம்பரமாக இதைவிடக் கெட்டிக்காரத்தனம் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேச்சு என்ற கணக்கில் பார்த்தால்? பிரமிடுக்கும் பேட்ரிக்குக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை, சம்பந்தம் இல்லாததுதான் அந்த விளம்பரத்தின் சரக்கு. எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம், எதையும் சொல்லாது. கொலோசியமாவது போர்க்கைதிகளும் அடிமைகளும் ஒருவரை ஒருவர் வெட்டிச் செத்த இடம். அடிமையாக இருந்த ஒரு துறவியின் நாளில் அந்தச் சுவரில் விளக்கு அடிக்கும்போது இந்தத் தொடர்பு யாருக்காவது தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பார்த்த விளம்பர வாசகம் எதிலும் அது வந்ததில்லை.

நியூயார்க் ஊர்வலத்தின் கதை வேறு மாதிரி. அது எதையும் சொல்லாமல் இல்லை, நிறையவே சொன்னது. 1991ல் மேயர் டேவிட் டிங்கின்ஸ் அயர்லாந்து தற்பாலீர்ப்பாளர் குழுவோடு சேர்ந்து நடந்தார். இருபுறமும் கூட்டம் கூச்சல் போட்டு அவர்மேல் பீர் வீசியது. அந்தக் குழுக்கள் தங்கள் பதாகையோடு நடக்க 2015 வரை கதவு மூடியே இருந்தது. அடுத்த வருஷமே, 1992ல், அயர்லாந்தில் கார்க் நகர ஊர்வலத்தில் அப்படி ஒரு குழு நிம்மதியாக நடந்ததோடு 'சிறந்த புதுவரவு' பரிசையும் தட்டிக்கொண்டு போனது. அன்று அயர்லாந்துச் சட்டப்படி ஆண்களின் தற்பாலுறவு குற்றம். அந்தச் சட்டம் 1993ல்தான் போனது. புலம்பெயர்ந்தவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன ஊர், அவர்கள் கிளம்பிய தேதியிலேயே நின்றுவிடுகிறது; நிஜ ஊர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்களோடு பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி நான் முதலிலிருந்தே வர நினைத்த இடம். கரீபியக் கடலில் ஆண்டிகுவாவுக்குப் பக்கத்தில் மான்செராட் என்று ஒரு குட்டித் தீவு. நூறு சதுர கிலோமீட்டர் சொச்சம், பிரிட்டனின் ஆட்சிப்பகுதி. மார்ச் 17 அங்கே பொது விடுமுறை. அயர்லாந்துக்கு வெளியே இந்த நாளுக்கு விடுமுறை விடும் ஒரே நாடு என்று எல்லாரும் எழுதுவார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அரசு ஊழியர்களுக்கு விடுமுறை உண்டு, வட அயர்லாந்திலும் உண்டு என்பதால் 'ஒரே' என்பதை அடித்துவிடலாம். ஆனால் விடுமுறைக்கான காரணம் வேறு எங்கும் கிடையாது.

1630களிலிருந்து இங்கே அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள் வந்து குடியேறினார்கள். பலர் கூலி ஒப்பந்தத்தில் வந்தவர்கள், சிலர் கிராம்வெல் காலத்தில் கட்டாயமாக அனுப்பப்பட்டவர்கள். 1678 கணக்கெடுப்பில் தீவின் வெள்ளையர்களில் பெரும்பாலானோர் அயர்லாந்தியர். ஒப்பந்தம் முடிந்தவர்களில் வசதி சேர்ந்தவர்கள் நிலம் வாங்கினார்கள், கரும்பு போட்டார்கள், ஆப்பிரிக்கர்களை விலைக்கு வாங்கினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் தீவில் பெரும்பான்மை அந்த ஆப்பிரிக்கர்கள்தான்.

1768 மார்ச் 17. முதலாளிகள் பேட்ரிக் நாள் விருந்தில் குடித்துக் கொண்டாடிக்கொண்டிருப்பார்கள், அன்று அடித்தால்தான் விழும் என்று அடிமைகள் திட்டம் போட்டார்கள். ஆளுநர் மாளிகைக்குள் வேலை செய்பவர்கள் கனவான்களின் வாள்களைக் கைப்பற்ற வேண்டும், வெளியே இருப்பவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தாக்க வேண்டும். தீவின் வரலாற்றாசிரியர் ஹோவர்ட் ஃபெர்கஸ் எழுதியுள்ளபடி, இருவர் பேசிக்கொண்டது ஒரு தையற்காரப் பெண்ணின் காதில் விழுந்து திட்டம் வெளியே போய்விட்டது. ஒன்பது பேருக்கு மரண தண்டனை. மற்றவர்களில் பலரைச் சிறையில் போட்டு, பிறகு தீவைவிட்டே அனுப்பிவிட்டார்கள். வடக்கே 'கட்ஜோ தலை' என்று பொருள்படும் பெயரில் இன்றும் ஒரு ஊர் இருக்கிறது. பிடிபட்ட கட்ஜோ என்பவரின் தலையை மரத்தில் மாட்டி வைத்த இடம் என்பது ஊர்க்கதை.

1985ல் தீவு இந்த நாளைப் பொது விடுமுறை ஆக்கியபோது மனதில் வைத்தது பேட்ரிக்கை மட்டுமல்ல, இவர்களையும்தான். யோசித்துப் பாருங்கள். அடிமைப்படுத்தியவர்களின் பண்டிகையையே எடுத்து, அதே தேதியை, அதே பெயரை வைத்துக்கொண்டு, அடிமைப்பட்டவர்களின் நினைவுநாளாக மாற்றியிருக்கிறார்கள். பேட்ரிக் அடிமையாக இருந்தவர் என்பதையும், அவர் யாருக்கு அந்தக் கடிதத்தை எழுதினார் என்பதையும் நினைத்தால், அன்றைக்கு ஆளுநர் மாளிகையில் அவர் பெயரைச் சொல்லிக் கோப்பை தூக்கியவர்களைவிட, வெளியே இருட்டில் காத்திருந்தவர்களுக்கே அந்த நாள்மேல் பாத்தியதை அதிகம். பச்சை கலகக்காரனின் நிறம் என்று மேலே சொன்னேனே, அதற்கும் முப்பது வருஷம் முந்தைய கலகம் இது.

இந்த இடத்தில் ஒரு நச்சு மீமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரீபியத்துக்கு முதலில் கொண்டுபோகப்பட்ட அடிமைகள் அயர்லாந்தியரே, நாங்கள் புலம்பவில்லையே, கறுப்பர்கள் மட்டும் ஏன் இன்னும் பேசுகிறார்கள் என்று ஒரு படம் வருஷாவருஷம் மார்ச்சில் சுற்றும். லிமரிக் நகரின் நூலகர் லியம் ஹோகன் இதை வருஷக்கணக்காக உட்கார்ந்து ஒவ்வொரு படமாக, ஒவ்வொரு எண்ணாகப் பிரித்துப் போட்டுப் பொய் என்று நிறுவினார். ஒப்பந்தக் கூலிக்கு வருஷக் கணக்கு உண்டு, முடிந்தால் விடுதலை, பிள்ளைக்கு அது தொடராது. ஆப்பிரிக்க அடிமைக்கு முடிவே கிடையாது, வயிற்றில் இருக்கும் பிள்ளையும் முதலாளியின் சொத்து. கூலிகள் பட்ட கஷ்டம் நிஜம், இரண்டும் ஒன்றல்ல. மான்செராட்டே இந்த மீமுக்கு நேரடிப் பதில். கூலியாக வந்த அயர்லாந்தியன் ஒரு தலைமுறையில் முதலாளி ஆக முடிந்தது. அவன் வாங்கிய ஆப்பிரிக்கனால் முடியவில்லை.

டொனால்ட் ஹார்மன் ஏகன்சனின் 'இஃப் தி ஐரிஷ் ரேன் தி வேர்ல்ட்' (1997) இதைத்தான் முகத்தில் அறைந்த மாதிரி சொல்லும் நூல். அயர்லாந்தியர் எப்போதும் ஒடுக்கப்பட்டவர்கள், ஆகவே அதிகாரம் கையில் கிடைத்தாலும் நல்லவர்களாகவே இருந்திருப்பார்கள் என்ற நினைப்பை மான்செராட்டை வைத்துச் சோதிக்கிறார். விடை: எல்லா முதலாளிகளையும் போலத்தான் இருந்தார்கள். 'அன்பான அயர்லாந்து எஜமான்' என்பது பிற்காலக் கற்பனை. நூலின் பலம் இந்தக் கேள்வியைக் கேட்டதே. எனக்குள்ள குறை, அவர் எடுத்துக்கொண்ட காலம் 1630 முதல் 1730 வரை. கேள்விக்கு மிகக் கூர்மையான பதிலை அடிமைகளே 1768ல் எழுதினார்கள். அது அவர் வரம்புக்கு வெளியே போய்விட்டது. ஆள்பவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது புத்தகம் முழுக்க இருக்கிறது, ஆளப்பட்டவர்கள் அவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பது மெலிவாகத்தான் வருகிறது.

அந்த அன்பான எஜமான் கற்பனைக்கு நிறைய உபகதைகள் உண்டு. மான்செராட் மக்கள் அயர்லாந்து ராகத்தில் ஆங்கிலம் பேசுவார்கள் என்று பயணிகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஜே.சி.வெல்ஸ் என்ற ஒலியியல் அறிஞர் போய்க் காது கொடுத்துக் கேட்டு, 1980ல் ஒரு கட்டுரை எழுதினார்: அப்படி ஒன்றும் இல்லை, பக்கத்துத் தீவுகளின் பேச்சு போலத்தான் இருக்கிறது. 'கோட் வாட்டர்' என்ற அவர்களுடைய ஆட்டுக்கறிக் குழம்பு அயர்லாந்துக் குழம்பிலிருந்து வந்தது என்பதும் இதே வகை. ஆட்டைக் கிராம்பும் மிளகாயும் போட்டுக் கொதிக்க வைப்பதற்கு அயர்லாந்திலிருந்து ஆள் வரவேண்டுமா என்ன!

இவ்வளவு சொன்னதால் மான்செராட் விழா அப்பழுக்கில்லாதது என்று நினைக்க வேண்டாம். 1995ல் தீவின் எரிமலை வெடிக்கத் தொடங்கி, தலைநகர் பிளிமத் சாம்பலில் புதைந்தது. தெற்குப் பாதி நுழையத் தடை செய்யப்பட்ட பகுதி. மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வெளியேறிவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஏறக்குறைய ஐயாயிரம் பேர். சுற்றுலாப் பணம் அவர்களுக்கு உயிர்மூச்சு. ஆகவே பாஸ்போர்ட்டில் பச்சை இலை முத்திரை, 'கரீபியத்தின் மரகதத் தீவு' விளம்பரம், பச்சைத் தொப்பி எல்லாம் உண்டு. மார்ச்சில் ஒரு வாரத்துக்கு மேல் விழா நடக்கும். அதில் முகமூடி ஆட்டமும் உண்டு, விடுதலை ஓட்டமும் உண்டு, அயர்லாந்துச் சாயலில் ராத்திரி விருந்தும் உண்டு. தூக்கில் தொங்கிய ஒன்பது பேரும் குட்டிச்சாத்தான் தொப்பியும் ஒரே நிகழ்ச்சி நிரலில். இந்த நாள் அயர்லாந்துக்கா ஆப்பிரிக்காவுக்கா என்ற விவாதம் தீவுக்குள்ளேயே நடக்கிறது. நடக்கட்டும். நியூயார்க்கிலும் ரோமிலும் இல்லாத விவாதம் அங்கே இருக்கிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிழைப்புக்காகத் தொப்பி போடுபவனையும் விளம்பரத்துக்காகப் பிரமிடுக்கு விளக்குப் போடுபவனையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை.

அன்று அங்கே பெண்கள் உடுத்தும் தேசிய உடை, பச்சை தூக்கலாகக் கட்டம் போட்ட பருத்தித் துணி. அந்தத் துணிக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? மெட்ராஸ். கரீபியம் முழுக்கவே அதற்கு அந்தப் பெயர்தான். சோழமண்டலக் கரையில் நம்ம ஊர் நெசவாளர்கள் நெய்த துணி, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் லண்டன் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கா போனது. இந்தியப் பருத்தித் துணி அங்கே அடிமைகளுக்கு விலையாகக் கொடுத்த சரக்குகளில் முக்கியமான ஒன்று. மனிதர்கள் ஏறிய கப்பல்கள் கரீபியம் போயின, துணியும் போனது. நெய்தவருக்கு அது எங்கே போகிறது, எதற்கு மாறுகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கட்டம் போட்ட துணியின் பெயரில் நம்ம ஊர் அந்தத் தீவில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சுற்றுலா வாரியத்துக்கு இலவசமாக ஒரு யோசனை தரலாம் என்றால், ஒரு வருஷம் எந்தக் கட்டடத்துக்கும் விளக்குப் போட வேண்டாம். கொரோட்டிகஸின் படைவீரர்களுக்கு பேட்ரிக் எழுதிய கடிதத்தைப் பிளிமத் நகரின் சாம்பல் மேடு தெரியும் இடத்தில், ஒலிபெருக்கி வைத்து, மெட்ராஸ் துணி கட்டிய யாராவது ஒருவர் படிக்கட்டும். பெரிய கடிதம் இல்லை. நிதானமாகப் படித்தாலும் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும்.